அறிவியல் கேள்வி பதில்: சோடியத்திடம் அகப்பட்ட ஆல்கைல் ஹாலைடு

சென்ற இதழில் ஹேலோ ஆல்கேன்களை, அதாவது குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஹாலஜன் ஒட்டிய கார்பன் சங்கிலிகளான ஆல்கைல் ஹாலைடுகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, உர்ட்ஸ் வினையையே சுற்றி வருகின்றன. பாடம் மறந்துபோனவர்களுக்காக ஒரு வரி: ஆல்கைல் ஹாலைடின் இரண்டு மூலக்கூறுகள் உலர் ஈதரில் சோடியத்துடன் வினைபுரிந்து, ஹாலஜன்களைச் சோடியத்திடம் விட்டுவிட்டு, தம் கார்பன்களை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஆல்கேனாக மாறுவதே அந்த வினை. மெத்தில் அயோடைடிலிருந்து ஈத்தேனும் எத்தில் அயோடைடிலிருந்து பியூட்டேனும் இப்படிக் கிடைக்கின்றன. இனி கடிதங்களுக்கு வருவோம்.

பதினோராம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்: உர்ட்ஸ் வினையால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்ட ஆல்கேன்களைத் தயாரிக்க இயலாது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் மெத்தில் அயோடைடையும் எத்தில் அயோடைடையும் கலந்தால் புரொப்பேன் வரும் என்றும் ஆசிரியர் சொல்கிறார். எது சரி? மீத்தேன் ஏன் வரவே வராது?

மீத்தேன் கேள்விக்கு விடை எளிது. இந்த வினையின் வேலையே இரண்டு கார்பன்களுக்கு இடையே புதிய பிணைப்பை உண்டாக்குவது. மீத்தேனில் இருப்பதோ ஒரே கார்பன்.

ஒற்றைப்படை விஷயத்தில் குழப்பம் விளைவிப்பது ‘இயலாது’ என்னும் சொல்தான். இயலும், ஆனால் கட்டுப்படியாகாது. இரண்டு அயோடைடுகளையும் சம அளவில் கலந்தால், எந்த மூலக்கூறு எதனுடன் சேர வேண்டும் என்று சோடியத்துக்குச் சொல்ல நம்மிடம் வழியில்லை. மெத்தில் மெத்திலோடும், எத்தில் எத்திலோடும், மெத்தில் எத்திலோடும் சேரும். இரண்டும் ஒரே வேகத்தில் வினைபுரிவதாக வைத்துக்கொண்டால், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் ஆகிய மூன்றும் 1:2:1 என்ற விகிதத்தில் கிடைக்க வேண்டும். அதாவது மிகச் சிறந்த நிலையிலும் உங்களுக்கு வேண்டிய புரொப்பேன் பாதிதான்.

இவற்றின் கொதிநிலைகள் நெருக்கமாக இருப்பதால் பிரிக்க முடியாது என்று சில கையேடுகள் காரணம் சொல்கின்றன. இந்த எடுத்துக்காட்டுக்கு அது பொருந்தாது. ஈத்தேன் மைனஸ் 89, புரொப்பேன் மைனஸ் 42, பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கின்றன. நாற்பது டிகிரி இடைவெளியை நெருக்கம் என்று சொல்ல மாட்டோம். பென்டைல், ஹெக்சைல் ஹாலைடுகளைக் கலந்தால் நிலைமை வேறு. அப்போது கிடைக்கும் டெக்கேன், அண்டெக்கேன், டோடெக்கேன் ஆகியவற்றுக்கிடையே இருபது டிகிரி அளவுதான் இடைவெளி. பொறுமையான பின்னக் காய்ச்சி வடித்தல் தேவைப்படும். எனவே தேர்வில் ‘சமச்சீரற்ற ஆல்கேன்களைத் தயாரிக்க ஏற்றதல்ல, கலவை கிடைக்கும்’ என்று எழுதுங்கள். மதிப்பெண்ணும் கிடைக்கும், சொன்னதும் சரியாக இருக்கும்.

வகுப்பில் ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வியும் தருகிறேன். ஒரே மூலக்கூறின் இரு முனைகளிலும் ஹாலஜன் இருந்தால் என்ன ஆகும்? 1881ஆம் ஆண்டில் ஆகஸ்ட் ஃபிராய்ண்ட், 1,3-டைபுரோமோபுரொப்பேனைச் சோடியத்துடன் வினைப்படுத்தினார். சங்கிலியின் தலையும் வாலும் இணைந்து மூன்று கார்பன் வளையமான வளையபுரொப்பேன் கிடைத்தது. கார்பன் ஒற்றைப்படைதான், ஆனால் சேர்ந்தவை ஒரே மூலக்கூறின் இரு முனைகள் என்பதால் கலவைத் தொல்லை இல்லை. 1930களில் அறுவை சிகிச்சைக்கூடங்களில் மயக்க மருந்தாகப் புகுந்த வாயு இதுவே. எளிதில் வெடிக்கும் என்பதால் பின்னாளில் கைவிடப்பட்டது.

பணி ஓய்வு பெற்ற நூலகர், தஞ்சாவூர்: பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது எழுந்த ஐயம். உர்ட்ஸ் ஜெர்மானியரா, பிரெஞ்சுக்காரரா? பெட்ரோலியத்தில் எத்தனையோ ஆல்கேன்கள் இருக்க, அவற்றைத் தயாரிக்க இத்தனை பாடு ஏன் பட்டார்?

சார்லஸ் அடால்ஃப் உர்ட்ஸ் 1817இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு அருகே பிறந்தவர். அல்சாஸ் பகுதிக்காரர்களுக்கு ஜெர்மானியப் பெயரும் பிரெஞ்சுக் குடியுரிமையும் சேர்ந்தே வாய்ப்பது வழக்கம். பாரிஸில் பேராசிரியராக இருந்து, 1884இல் அங்கேயே மறைந்தார். ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் 72 அறிஞர்களின் பெயர்களில் அவருடையதும் ஒன்று. பிரெஞ்சுக்காரர் வாயில் அந்தப் பெயர் ‘வ்யுர்ட்ஸ்’ என்பதுபோல் ஒலிக்கும். தமிழ்ப் பாடநூல் வழக்கான ‘உர்ட்ஸ்’ என்பதையே நான் பின்பற்றுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் உர்ட்ஸ் ஆல்கேன் தயாரிக்கவே கிளம்பவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கரிம வேதியியலாளர்களைப் பிடித்தாட்டிய கேள்வி, ‘எத்தில்’, ‘மெத்தில்’ போன்ற உறுப்புகளைத் தனியே பிடித்துக் குப்பியில் அடைக்க முடியுமா என்பது. எத்தில் ஆல்கஹால், எத்தில் அயோடைடு, எத்தில் குளோரைடு என்று எதை எடுத்தாலும் மாறாமல் தொடரும் அந்த எத்திலைத் தனிமைப்படுத்த, எட்வர்டு ஃபிராங்க்லாண்டு என்னும் ஆங்கிலேயர் எத்தில் அயோடைடைத் துத்தநாகத்தோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, வாயை உருக்கி மூடிச் சூடாக்கினார். அயோடினைத் துத்தநாகம் பிடுங்கிக்கொண்டால் எத்தில் தனியே வந்துவிடும் என்பது கணக்கு. வாயு வந்தது, எத்திலே கிடைத்துவிட்டது என்று அவர் நம்பினார். 1849இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் வேதியியலாளர் புன்சனின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, இப்படி ஒரு குழாயில் எஞ்சிய படிவின்மீது சில சொட்டுத் தண்ணீர் விட்டார். பச்சையும் நீலமும் கலந்த சுடர் பல அடி நீளத்துக்குக் குழாயிலிருந்து பீறிட்டது. ஆர்செனிக் சேர்மங்களோடு பழகி, அவற்றின் நஞ்சுக்கு ஆளாகியும் மீண்டிருந்த புன்சன், துத்தநாகத்தில் கலந்திருந்த ஆர்செனிக்தான் இப்படி எரிகிறதென்றும், ஃபிராங்க்லாண்டு மீள முடியாத அளவுக்கு நஞ்சை உட்கொண்டிருக்கக்கூடும் என்றும் அஞ்சினார். சுடர் பீங்கான்மீது விட்ட கறையைச் சோதித்த பிறகே அச்சம் தெளிந்தது. எரிந்தது ஆர்செனிக் அல்ல. கார்பனும் துத்தநாகமும் நேரடியாகப் பிணைந்த, அதுவரை எவரும் கண்டிராத வகைச் சேர்மம்.

குப்பியில் அடைபட்ட அந்த ‘எத்தில்’ வாயு உண்மையில் எத்தில்தானா, அல்லது இரண்டு எத்தில்கள் ஒட்டிய இரட்டையா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. கார்பனின் அணு எடை 6 என்போரும் 12 என்போரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்திருந்த காலம் அது. 1855இல் உர்ட்ஸ் இதற்கொரு நேர்த்தியான சோதனையை வகுத்தார். இரண்டு வெவ்வேறு அயோடைடுகளைக் கலந்து, துத்தநாகத்துக்குப் பதிலாகச் சோடியத்தோடு வினைப்படுத்தினார். உறுப்புகள் தனித்தனியே இருப்பவையானால், கிடைப்பது இரண்டின் வெறும் கலவையாக இருக்க வேண்டும். இரட்டைகளாக இருப்பவையானால், பாதி இதுவும் பாதி அதுவுமான கலப்பு இரட்டை ஒன்று கூடுதலாகக் கிடைக்க வேண்டும். கலப்பு இரட்டை கிடைத்தது. ஃபிராங்க்லாண்டின் ‘எத்தில்’ நாம் இன்று பியூட்டேன் என்று அழைக்கும் இரட்டையே என்ற கட்சி வலுப்பெற்றது.

விருத்தாசலம் மாணவியும் இதைப் படிக்க வேண்டும். கலவை கிடைக்கும் என்பதை இன்று இந்த வினையின் குறைபாடு என்று எழுதச் சொல்கிறோம். உர்ட்ஸ் தேடிப் போனதோ அந்தக் கலப்பைத்தான்.

முதுகலை வேதியியல் மாணவர், மதுரை: ஒரு நூலில் இந்த வினை தனி உறுப்புகள் வழியாக நிகழ்கிறது என்றும், மற்றொன்றில் கார்பன் எதிரயனி வழியாக நிகழ்கிறது என்றும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் எதைச் சொல்வது?

இரண்டையும், வரிசை மாறாமல் சொல்லுங்கள். சோடியத்தின் புறக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை ஆல்கைல் ஹாலைடு முதலில் பெறுகிறது. ஹாலைடு அயனி விலக, இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு ஆல்கைல் தனி உறுப்பு மிஞ்சுகிறது. சோடியத்தின் பரப்பிலேயே நிற்கும் அந்த உறுப்புக்கு இரண்டாவது சோடியம் அணுவிடமிருந்து இன்னொரு எலக்ட்ரான் கிடைக்கும்போது ஆல்கைல் சோடியம் உருவாகிறது. அது மற்றொரு ஆல்கைல் ஹாலைடு மூலக்கூறைத் தாக்கி ஹாலஜனை வெளியேற்றுகிறது. இறுதிப் படி நமக்குப் பழக்கமான கருக்கவர் பதிலீட்டு வினைதான். இரண்டு தனி உறுப்புகள் நேரடியாகச் சந்தித்து இணைவதும் ஓரளவு நடக்கிறது. எந்த வழி மேலோங்கும் என்பதை ஹாலைடின் இயல்பும் சூழலும் தீர்மானிக்கின்றன.

இதில் உள்ள தந்திரம் கார்பனின் மின் சாயல் மாறுவதே. ஹாலஜனோடு இருக்கும்வரை அந்தக் கார்பன் எலக்ட்ரானை இழந்து, சற்றே நேர்மின் சாயலோடு நிற்கிறது. சோடியத்தோடு சேர்ந்ததும் எதிர்மின் சாயல் பெறுகிறது. நேற்றுவரை வாங்கும் கையாக இருந்தது இன்று கொடுக்கும் கையாகிவிட, இன்னும் வாங்கும் கையாகவே இருக்கும் தன் உடன்பிறப்பை அதே குடுவையில் சந்திக்கிறது. நூல்கள் தனித்தனியே பட்டியலிடும் குறைபாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைக்கின்றன. ஆல்கைல் சோடியம் வலிமையான காரமும் ஆகும். எதிரே நிற்பது, ஹாலஜன் தாங்கும் கார்பனில் ஒரே ஆல்கைல் தொகுதி கொண்ட ஓரிணைய ஹாலைடானால் கார்பனைத் தாக்க இடம் இருக்கிறது. மூவிணைய ஹாலைடில் அந்தக் கார்பனை மூன்று ஆல்கைல் தொகுதிகள் மறைத்து நிற்பதால், அது பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு போகிறது. இணைப்புக்குப் பதிலாக நீக்க வினை நடந்து, இரட்டைப் பிணைப்பு கொண்ட ஆல்கீன் விளைகிறது. மூவிணைய பியூட்டைல் புரோமைடிலிருந்து ஐசோபியூட்டிலீன் முதன்மையாக வருவது இப்படித்தான்.

ஆல்கைல் சோடியம் இடையில் உண்டாகிறது என்பதற்குச் சான்று கேட்டால் ஒன்றைச் சொல்லலாம். ஆல்கைல் குளோரைடை நுண்துகளாக்கிய சோடியத்தோடு குளிர்நிலையில் வினைப்படுத்தி, கரியமில வாயுவைச் செலுத்தினால், ஒரு கார்பன் கூடிய கார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பு கிடைக்கிறது. எதிர்மின் சாயல் பெற்ற கார்பன் அங்கே இல்லாவிட்டால் இது நடக்காது.

பள்ளி ஆசிரியர், நாமக்கல்: ஈதர் ஏன் உலர்ந்திருக்க வேண்டும்? இந்த வினையை மாணவர்களுக்குச் செய்துகாட்ட விரும்புகிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஈதர் இல்லை, குளோரோஃபார்ம் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. கடிதம் கண்டவுடன் தங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டேன். பிறரும் அறிவதற்காக இங்கே மீண்டும் எழுதுகிறேன். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு, டைகுளோரோமீத்தேன் ஆகியவையும் ஹாலஜன் சேர்மங்களே. ஒரே கார்பனில் பல குளோரின்கள் குவிந்திருக்கும் இவை சோடியத்தோடு சேரும்போது, ஒரு சிறு அதிர்ச்சிகூட வெடிப்பை உண்டாக்கலாம். சோடியத்தை இவற்றின் அருகே கொண்டுபோகவே கூடாது.

ஈரம் விலக்கப்படுவதற்குக் காரணம், சோடியம் தண்ணீரைக் கண்டால் ஹாலைடை மறந்துவிடும் என்பதே. சோடியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜனும் உண்டாகும். ஈதரோ 35 டிகிரியிலேயே கொதிக்கும் எரிதிரவம். ஹைட்ரஜன், வெப்பம், ஈதர் ஆவி ஆகிய மூன்றையும் ஒரே குடுவையில் கூட்டிவைப்பதற்கு நான் துணைபோக மாட்டேன். அப்படியே தப்பித் தவறி உண்டாகும் ஆல்கைல் சோடியத்தையும் தண்ணீர் உடனே சிதைத்துவிடும்.

நான் இளங்கலை படித்தபோது கண்டதைச் சொல்கிறேன். மண்ணெண்ணெய்க் குப்பியிலிருந்து இடுக்கியால் எடுத்த சோடியக் கட்டி, சாம்பல் பூத்த மெழுகுபோல் இருந்தது. வடிதாளில் ஒற்றிக் கத்தியை வைத்தவுடன் பாலாடைக்கட்டிபோல் வெட்டுப்பட்டது. வெட்டிய முகம் ஒரு கணம் வெள்ளிக் கண்ணாடியாக மின்னி, நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் மங்கத் தொடங்கியது. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர், ஒற்றிய வடிதாளை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார். மிளகளவு துணுக்கு அதில் ஒட்டியிருந்தது, தொட்டியில் யாரோ கழுவிக் கொட்டிய ஈரமும் இருந்தது. தொட்டி தீப்பிடித்தது. மணல் வாளி அருகில் இருந்ததால் பிழைத்தோம். எஞ்சிய சோடியத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது சிறிதாகப் போட்டு அழிக்க வேண்டும் என்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

செய்துகாட்டுவதற்குப் பதிலாக மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சோடியத்தை ஏன் மண்ணெண்ணெயில் வைக்கிறோம்? மண்ணெண்ணெய் பெரும்பாலும் ஆல்கேன் முதலான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் சோடியம் பிடுங்கிக்கொள்ள ஹாலஜனும் இல்லை, ஈரமும் இல்லை. உர்ட்ஸ் வினையின் விளைபொருள் எந்த இனமோ, அந்த இனத்துக்குள்ளேயே சோடியம் உறங்குகிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், கோயம்புத்தூர்: உர்ட்ஸ், ஃபிட்டிக், உர்ட்ஸ்–ஃபிட்டிக், உல்மன், கோரி–ஹவுஸ் என்று பெயர்கள் குழப்புகின்றன. நினைவில் வைக்க வழி உண்டா?

என்ன இணைகிறது, எந்த உலோகம் இணைக்கிறது என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டு ஆல்கைல்கள் சோடியத்தால் இணைந்தால் உர்ட்ஸ். இரண்டு பென்சீன் வளையங்கள் சோடியத்தால் இணைந்தால் ஃபிட்டிக். வளையமும் ஆல்கைலும் இணைந்தால் இருவர் பெயரும் சேரும். வளையங்களை இணைக்கத் தாமிரத்தூளைச் சூட்டோடு பயன்படுத்தினால் அது 1901இல் ஃபிரிட்ஸ் உல்மன் காட்டிய வழி.

உர்ட்ஸ்–ஃபிட்டிக் வினையில் மட்டும் கலவைத் தொல்லை ஏன் குறைகிறது என்று தேர்வில் கேட்பார்கள். புரோமோபென்சீனும் பியூட்டைல் புரோமைடும் இருக்கும் குடுவையில் ஃபீனைல் சோடியம் எளிதில் உண்டாகிறது. அது மற்றொரு புரோமோபென்சீனைத் தாக்க முடியாது, ஏனெனில் வளையக் கார்பனில் அத்தகைய பதிலீடு எளிதில் நடப்பதில்லை. எனவே பியூட்டைல் புரோமைடைத்தான் தாக்க வேண்டும். உடன் விளையும் ஆக்டேன் 126 டிகிரியிலும், வேண்டிய பியூட்டைல்பென்சீன் 183 டிகிரியிலும், பைஃபீனைல் 255 டிகிரியிலும் கொதிப்பதால் பிரிப்பதும் சுலபம்.

கோரி–ஹவுஸ் முறை 1960களில் வந்தது. ஆல்கைல் ஹாலைடை முதலில் லித்தியத்தோடும் பிறகு தாமிர(I) உப்போடும் வினைப்படுத்தி, லித்தியம் டைஆல்கைல் குப்ரேட்டாக மாற்றி வைத்துக்கொள்கிறோம். அதன் பிறகே இரண்டாவது ஹாலைடைச் சேர்க்கிறோம். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் வெவ்வேறு குடுவைகளில் இருப்பதால், யார் யாரோடு சேர வேண்டும் என்பதை இப்போது நாம் தீர்மானிக்கிறோம். புரொப்பேன் முதலிய ஒற்றைப்படை ஆல்கேன்களுக்கு இதுவே தகுந்த விடை. இரண்டாவதாகச் சேர்க்கும் ஹாலைடு ஓரிணையமாக இருப்பது நல்லது.

உலோகம் மாறினால் குணம் ஏன் மாறுகிறது என்பதற்கு, பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறனான எலக்ட்ரான் கவர்தன்மை ஒரு குறிப்புத் தரும். பாலிங் அளவையில் கார்பன் 2.55, சோடியம் 0.93, மக்னீசியம் 1.31, துத்தநாகம் 1.65, தாமிரம் 1.90. வேறுபாடு குறையக் குறைய, உலோகத்தோடு பிணைந்த கார்பனின் ஆவேசமும் பொதுவாகத் தணிகிறது. மக்னீசியத்தின் நிதானத்தைக் கண்டுகொண்டவர் விக்டர் கிரிக்னார்டு; 1912இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ஃபிராங்க்லாண்டின் துத்தநாகச் சேர்மங்கள் ஜப்பானிய வேதியியலாளர் நெகிஷியின் பல்லேடியம் வினைகளில் மீண்டும் வந்து, 2010ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றன.

பட்டயப் பொறியாளர், ஓசூர்: இந்த வினையைத் தொழிற்சாலையில் யாராவது பயன்படுத்துகிறார்களா?

ஆல்கேனுக்காக யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் கார்பனுக்குப் பதிலாக வேறு தனிமத்தை வைத்தால் கதை மாறுகிறது. டைமெத்தில்டைகுளோரோசிலேனைக் கொதிக்கும் டொலுவீனில் சோடியத்தோடு சேர்த்தால், சிலிக்கன்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. டொலுவீன் கொதிப்பது 111 டிகிரியில், சோடியம் உருகுவது 98 டிகிரியில். எனவே சோடியம் உருகிய சிறு மணிகளாகச் சுழன்றுகொண்டிருக்கும். 1970களில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா, இந்தச் சங்கிலியை வெப்பத்தால் உருமாற்றி, இழையாக நூற்று, சுட்டு, சிலிக்கன் கார்பைடு இழையைப் பெற்றார். உயர் வெப்பத்தைத் தாங்கும் அந்த இழை நிக்கலான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

குளோரோபென்சீன், பாஸ்பரஸ் டிரைகுளோரைடு, சோடியம் ஆகியவற்றிலிருந்து டிரைஃபீனைல்பாஸ்பீன் தயாரிப்பதும் இதே குடும்பம். செயற்கை வைட்டமின் ஏ தயாரிப்பில் அது பயன்படுகிறது. குடும்பத்தில் ஒரு கெட்ட பெயரும் உண்டு: எத்தில் குளோரைடைச் சோடியம்–ஈயக் கலவையோடு வினைப்படுத்திப் பெற்ற டெட்ராஎத்தில் ஈயம். எஞ்சினில் தட்டல் ஒலி வராமல் இருக்கப் பெட்ரோலில் கலக்கப்பட்ட அந்த நஞ்சை இந்தியா 2000ஆம் ஆண்டில் நிறுத்தியது. உலகின் கார்களுக்கான பெட்ரோலிலிருந்து அது முற்றிலும் விலகியது 2021இல்தான்.

வாசகர், திருநெல்வேலி: உர்ட்ஸ் வினையால் ஆக்டேன் தயாரித்து வண்டி ஓட்டலாம் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 274 கிராம் பியூட்டைல் புரோமைடும் 46 கிராம் சோடியமும் சிறிதும் வீணாகாமல் வினைபுரிந்தால், 114 கிராம் ஆக்டேனும் 206 கிராம் சோடியம் புரோமைடும் கிடைக்கும். எரிபொருளைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு எடையில் உப்பு சேரும். அந்தச் செலவையும் பொறுத்துக்கொண்டு தொட்டியில் ஊற்றினாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. எரிபொருள் தட்டலைத் தவிர்க்கும் திறனைக் காட்டும் ‘ஆக்டேன் எண்’ நூறு என்று கொள்ளப்படுவது கிளைகள் கொண்ட ஐசோ-ஆக்டேனுக்கு. உர்ட்ஸ் வினையில் இப்படிக் கிடைக்கும் நேர்ச்சங்கிலி ஆக்டேனின் ஆக்டேன் எண் பூச்சியத்துக்கும் கீழே. எஞ்சின் தட்டிக்கொண்டே இருக்கும்.